பல்கலைக்கழகம் இல்லாத சேர்ந்திசை ஆசான்

மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்திசை இயக்குநர் என்பது மதிப்பு வாய்ந்த ஒரு பதவி. ஆறாம் ஹென்றி மன்னர் 1441-இல் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியை நிறுவியபோது, அதன் சிற்றாலயத்தில் இறைபுகழ் பாடுவதற்கென்றே சிறுவரும் ஆடவரும் கொண்ட குழு ஒன்றுக்கும் வழிவகுத்தார். அக்குழு இன்றும் பாடி வருகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில், நார்வே நாட்டில் பிறந்த மெலியஸ் கிறிஸ்டியன்சன் என்பவர் 1912-இல் ஒரு குழுவை அமைத்தார். இசைக்கருவித் துணையின்றி மாணவர் குரல்கள் மட்டுமே கொண்டு பாடும் முறையை அந்நாட்டுக் கல்லூரிகள் பலவும் அவரிடமிருந்தே கற்றன. இத்தகைய ஆசான்களிடம் பயில்வோரில் பெரும்பாலோர் இசைக்கலைஞர் ஆவதில்லை. மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆகிறார்கள். ஆயினும் வாரந்தோறும் சில மணி நேரம் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பாடிய பழக்கம் அவர்களோடு வாழ்நாள் முழுதும் செல்கிறது.

நம் தமிழகத்திலும் இசைக்குப் பல்கலைக்கழகங்கள் இடம் தந்தன. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன்னுள் ஓர் இசைக் கல்லூரியைக் கொண்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1932-இல் இசைப்படிப்பு தொடங்கிற்று. ஜெர்மனி சென்று மேலை இசையையும் பயின்று திரும்பிய பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அத்துறையை நெடுங்காலம் வளர்த்தார். ஆனால் இவையெல்லாம் தனிப்பாடகரையும் இசையாசிரியரையும் ஆய்வாளரையும் உருவாக்குவதையே முதன்மையாகக் கருதின. கணிதம் படிக்கும் மாணவனையும் வணிகவியல் படிக்கும் மாணவியையும் மாலையில் கூட்டி வைத்துப் பாடப் பழக்குவது பல்கலைக்கழகத்தின் வேலை என்று இங்கு எவரும் எண்ணவில்லை.

அந்த வேலையை, பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமலே, தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் செய்த ஒரு மனிதர் சென்னையில் வாழ்ந்தார். அவர் எம். பி. சீனிவாசன். நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் எம்.பி.எஸ். அவர் நம் சபையைச் சார்ந்தவர் அல்லர். பொதுவுடைமை இயக்கத்தில் உருவானவர். எனினும் ஞாயிறுதோறும் பாடகர் குழுவாய்க் கூடும் நாம் அவரை அறிந்துகொள்ள வேண்டிய காரணம் வலுவானது. சேர்ந்து பாடுதல் என்னும் கலை நம் திருச்சபையின் மடியில் வளர்ந்தது. அக்கலையைத் தமிழ்க் குரல்களுக்கு உரியதாக்க வேண்டும் என்ற பொறுப்பை, நம்மைவிட ஆழமாக உணர்ந்தவர் வெளியிலிருந்து வந்தார்.

இக்கதையின் முன்னுரை எண்ணூருக்கு அண்மையிலேயே எழுதப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. நமக்கு மேற்கே இருக்கும் மணலியை இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைக்கூண்டுகளைக் கொண்டே அறிகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது கலைகளைப் போற்றிய செல்வர்கள் வாழ்ந்த சிற்றூர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் அழைப்பை ஏற்று இராமசாமி தீட்சிதரின் குடும்பம் அங்கு குடியேறியது. அவர் மைந்தர்களில் மூத்தவரே கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலப் படையினரின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளை இளைஞரான அவர் கேட்டார். அம்மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் புனைந்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் நாட்டுப்பண் மெட்டில் அமைந்ததும் அவற்றுள் உண்டு. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடில் வாத்தியத்தைக் கற்றுக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். தியாகையர் திருவொற்றியூருக்கு வந்து அவ்வூர் அம்மன்மீது ஐந்து கிருதிகள் பாடியதும் இதே வட்டாரத்தின் பெருமைதான்.

தீட்சிதர் கோட்டையிலிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. மெட்டை எடுத்துக்கொண்டார். அம்மெட்டோடு சேர்ந்து ஒலித்த பிற சுர அடுக்குகளை, அதாவது பல ஒலிகள் ஒரே நேரத்தில் இயைந்து நிற்கும் ஹார்மனி என்னும் அமைப்பை எடுத்துக்கொள்ளவில்லை. அது குறையன்று. ஒற்றை இழையாகச் செல்லும் இராகத்தின் நுட்பமே அவர் கலை. ஆனால் பலர் பல குரலில் பாடி ஒன்றாவது எப்படி என்ற கேள்வி, தமிழிசையைப் பொறுத்தவரை, அங்கேயே நின்றுவிட்டது.

தமிழர் கூடிப் பாடத் தெரியாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கடலில் தோணி வலிக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுக்கப் பலர் எதிர்க்குரல் கொடுப்பர். பாரம் தூக்குவோரின் ஐலசாவும் அத்தகையதே. தோள்கள் ஒரே நொடியில் இயங்க வேண்டும் என்பதற்காகக் குரல்கள் ஒரே நொடியில் எழுகின்றன. தூய பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கையில் மணியோடு தெருக்களில் நடந்து, சிறுவரைத் திரட்டி, மன்றாட்டுகளைத் தமிழில் உரக்கச் சேர்ந்து சொல்லவைத்தார் என்பதை அவருடைய மடல்களே கூறுகின்றன. நூல் இல்லாதவரும் எழுத்தறியாதவரும் விசுவாசத்தைக் கற்றது அவ்வாறு கூடி ஒலித்த குரலின் வழியாகவே. தவக்காலத்தில் இரு அணியாய்ப் பிரிந்து துயரப் புலம்பல் பாடும் நம் முதியோர் அம்மரபின் தொடர்ச்சி.

பல குரல் அடுக்கிய மேலைச் சேர்ந்திசையும் நம் நகருக்கு வந்தது. 1893-இல் தோன்றிய மதராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் அதற்கென ஒரு குழுவைப் பேணிற்று. பின்னாளில் ஹேண்டல் மானுவேல் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார். அதன் தரம் உயர்ந்தது. ஆயினும் அதன் மொழி பெரிதும் ஆங்கிலமும் இலத்தீனும். பாடியவரும் கேட்டவரும் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்றோர். இராயபுரத்துப் படகோட்டியோ எண்ணூர் வார்ப்பாலைத் தொழிலாளியோ அந்த அரங்கின் படியேறியதில்லை. நம் தமிழ்ப் பங்குகளிலும் ஞானப்பாடல்கள் ஒரே மெட்டில் ஒரே குரலாய்ப் பாடப்பட்டன. ஆக, கோட்டை வாத்தியம் ஒலித்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இரு கரைகளும் இணையவில்லை.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். வசதி படைத்த குடும்பம். மயிலாப்பூரில் பி. எஸ். உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். விடுதலைப் போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில் மாணவர் இயக்கம் அவரை ஈர்த்தது. அங்கிருந்து பொதுவுடைமைக் கட்சி. 1943-இல் நிறுவப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றம் அக்காலத்தில் நாடெங்கும் இளம் கலைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தது. வங்கப் பஞ்சத்தின் துயரை மேடையில் பாடிய அந்த மன்றத்துக் குழுக்களிடம்தான் கூட்டுப்பாட்டின் வலிமையை அவர் முதலில் கண்டார் எனலாம். மக்களவையில் பொதுவுடைமைக் கட்சியின் தலைவராய் விளங்கிய ஏ. கே. கோபாலனின் செயலராக டில்லியில் பணியாற்றினார். ஜாலியன்வாலாபாக் காலத்துத் தியாகியான டாக்டர் சைபுதீன் கிச்லூவின் மகள் ஜாஹிதாவை அங்கே சந்தித்து மணந்தார். பிராமணக் குடும்பத்து இளைஞர் காஷ்மீர வழிவந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணை மணப்பது அந்நாளில் எளிய செயலன்று. அவர் பின்னாளில் ஒருமைப்பாட்டைப் பாடியபோது அது அரசு விழாவுக்குரிய சொல்லாய் ஒலிக்காமல் இருந்ததற்கு இதுவும் காரணமாகலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

திரைத்துறையில் அவர் பெயர் தமிழர்க்குத் தெரிய வந்தது 1960-இல் வெளியான ‘பாதை தெரியுது பார்’ படத்தின் மூலம். வங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து தங்கிய நிமாய் கோஷ் இயக்கிய படம் அது. தொழிலாளர் வாழ்வையும் சங்கத்தையும் கதையாகக் கொண்டது. ஜெயகாந்தனும் கே. சி. எஸ். அருணாசலமும் பாடல் எழுதினர். படம் திரையரங்குகளில் நீடிக்கவில்லை, பாடல்கள் நீடித்தன. முதிர்ந்த வயதினர் இன்றும் அவற்றை வானொலியில் கேட்டால் கையிலுள்ள வேலையை நிறுத்திவிடுவர். ஆயினும் தமிழ்த் திரையுலகம் அவரைப் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவரை ஏற்றுப் போற்றியது மலையாளம். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’ (1972), ‘எலிப்பத்தாயம்’ (1981) ஆகியவற்றுக்கு அவர் இசையமைத்தார், கவிஞர் ஓ. என். வி. குறுப்போடு இணைந்து அவர் தந்த பாடல்களைக் கேரளம் தன் சொத்தாகவே கருதுகிறது. சிறந்த இசையமைப்பாளருக்கான கேரள அரசின் விருது அவருக்கு ஒருமுறைக்கு மேல் கிடைத்தது. தம் வீட்டுப் பிள்ளையை அண்டை வீட்டார் சீராட்டுவதைக் கண்டு நாம் மகிழ்வதா, வெட்கப்படுவதா?

இங்கே கத்தோலிக்க வாசகர்க்கு உவப்பான ஒரு நிகழ்ச்சி. கொச்சிக் கோட்டைப் பகுதியில் அகஸ்டின் ஜோசப் என்னும் பாடகரின் மகன், வறுமையோடு இசை கற்றுக்கொண்டிருந்த கத்தோலிக்க இளைஞர், ‘கால்பாடுகள்’ என்ற மலையாளப் படத்தில் பாடுவதற்காகச் சென்னைக்கு வந்தார். 1961 நவம்பர் 14 அன்று பரணி அரங்கில் அவர் குரல் முதன்முதலாகத் திரைக்காகப் பதிவாயிற்று. சாதி வேறுபாடும் சமயப் பகையும் இல்லாமல் அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடத்தைப் பற்றிய ஸ்ரீ நாராயண குருவின் நான்கு வரிகள்தாம் அந்த முதற்பாடல். இசையமைத்தவர் எம்.பி.எஸ்.; பாடியவர் கே. ஜே. யேசுதாஸ். இந்து சமயச் சீர்திருத்தத் துறவியின் சொல், பொதுவுடைமையாளரின் இசை, கிறித்தவரின் குரல். நூற்றாண்டின் மாபெரும் தனிக்குரல்களுள் ஒன்றைத் திரைக்கு அறிமுகம் செய்த அதே மனிதர், தனிக்குரலைக் கடந்த ஒன்றைத் தேடிப் போனார் என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அத்தேடலுக்கு அவருடைய சங்கப் பணி ஓரளவு விளக்கம் தரும். அந்நாளில் திரைப்பட இசைக்கலைஞர்கள் ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவு அழைக்கப்படும் தினக்கூலிகள். பாடலின் புகழ் நடிகர்க்கும் பாடகர்க்கும் இசையமைப்பாளர்க்கும் போகும், பின்வரிசையில் வயலின் வாசித்த நாற்பது பேரின் பெயர் எங்கும் வராது, கூலியும் உறுதியில்லை. இசையமைப்பாளர் நாற்காலியில் அமர்ந்திருந்த எம்.பி.எஸ். அந்தப் பின்வரிசையினரைச் சங்கமாகத் திரட்டினார். நிமாய் கோஷுடன் சேர்ந்து தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவாகப் பாடுபட்டார். படைப்பாளிக்குப் பாடலின் ஒவ்வொரு பயன்பாட்டிலும் உரிமைத்தொகை உண்டு என்பதற்காக 1969-இல் தோன்றிய இந்திய இசை உரிமைக் கழகத்திலும் முக்கியப் பங்காற்றினார். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய வட சென்னையில் வாழும் நமக்கு இப்பணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் விடுத்த சுற்றுமடல், தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பது அவர்களது இயல்பான உரிமை என்று கூறியதையும் நாம் மறக்கவில்லை.

கல்கத்தாவில் 1958-இல் ரூமா குஹா தாகுர்தா இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார். நாடக மன்றத்தில் வளர்ந்த சலில் சௌத்ரி பம்பாயில் இத்தகைய முயற்சியை மேற்கொண்டிருந்தார். ‘செம்மீன்’ படப் பாடல்களால் நம் கடலோர மக்கள் அறிந்த அதே சலில் சௌத்ரி. சென்னையில் எம்.பி.எஸ். அகில இந்திய வானொலியில் சேர்ந்திசை நிகழ்ச்சிகளை நடத்தியதோடு, 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்னும் குழுவை உருவாக்கினார். பாரதியார் பாடல்கள் அதன் உயிர்நாடி. தமிழோடு நில்லாமல் இந்திய மொழிகள் பலவற்றிலும் அக்குழு பாடிற்று. மாணவரும் பணிக்குச் செல்வோரும் மாலைகளில் வந்து பாடினர். இதைத்தான் பல்கலைக்கழகம் இல்லாத பல்கலைக்கழகக் குழு என்று நாம் சொல்லத் துணிகிறோம்.

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் எத்தகையவை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். பாடகர் குழுவில் நின்றவர் எவரும் இதனை உடனே உணர்வர்.

முதலாவது சுருதி. நம் மரபில் ஆண்கள் பொதுவாக ஒரு கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுவர். பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டி. இரண்டுக்கும் இடையே சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரம். தனிப்பாடகர்க்கு இதனால் தொல்லை இல்லை, தம்புராவைத் தம் குரலுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வார். ஆணும் பெண்ணுமாய் முப்பது பேர் சேர்ந்து பாட வேண்டுமானால் என்ன செய்வது? ஆணுக்கு ஏற்ற சுருதியில் தொடங்கினால் பெண்களின் குரல் கீழே அமிழ்ந்து மெலியும். பெண்ணுக்கு ஏற்றதில் தொடங்கினால் ஆண்கள் ஒன்று உச்சத்தில் கத்த வேண்டும், அல்லது அடித்தொண்டையில் முணுமுணுக்க வேண்டும். நம் கோவில்களில் ஆண்கள் பாதிப் பாட்டில் வாய் மூடிக்கொள்வதற்கு பக்திக் குறைவு மட்டுமே காரணம் என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் சுருதிதான் காரணம்.

மேலைச் சேர்ந்திசை இதற்குக் கண்ட வழி, குரல்களை நால்வகையாகப் பிரிப்பது. பெண்களில் உயர்குரலினர் சோப்ரானோ, தாழ்குரலினர் ஆல்ட்டோ. ஆண்களில் முறையே டெனர், பாஸ். ஒவ்வோர் அணிக்கும் அதன் தொண்டைக்கு ஏற்ற தனி வரி. நான்கு வரியும் ஒன்று சேர்கையில் பொருந்தும்படி இசை எழுதப்படும். யாரும் தம் எல்லையைத் தாண்டிக் கத்த வேண்டியதில்லை. யாரும் ஒடுங்கவும் வேண்டியதில்லை.

அப்படியானால் தமிழ்ப் பாட்டையும் நான்காய்ப் பிரித்துவிடலாமே என்றால், அங்கே இரண்டாம் இடர் குறுக்கிடுகிறது. அதுதான் கமகம். நம் இராகத்தில் சுரம் அசையாது நிற்பதில்லை. தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்தே தன் வடிவத்தைப் பெறும். அசையும் சுரத்தின்மேல் அசையாத வேறொரு சுரத்தை நிறுத்தினால் இரண்டும் உரசும், காது கூசும். இயைபுக்காக அசைவை நிறுத்தினாலோ தோடி தோடியாக இராது. மேலும், இயைபுக்கு வேண்டும் சுரம் அந்த இராகத்திலேயே இல்லாமலும் போகலாம். தீட்சிதர் அந்த நாற்பது பாடல்களுக்கும் சங்கராபரணத்தின் சுரங்களையே கொண்டது தற்செயலன்று. மேலை இசையின் பெருஞ்சுர வரிசையோடு பொருந்துவது அது.

எம்.பி.எஸ். இவ்விரண்டு இடர்களுக்கும் இடையே பாதை வகுத்தார். எல்லாப் பாட்டையும் எல்லா இடத்திலும் நான்காய்ப் பிரிக்கும் பேராசை அவரிடம் இல்லை. சொல் முதன்மை பெறும் இடத்தில் அனைவரும் ஒரே குரலாய்ப் பாடுவதும், உணர்ச்சி விரியும் இடத்தில் குரல்கள் கிளை பிரிவதும், ஓர் அணி தாங்கி நிற்க மற்றோர் அணி எழுவதுமாக இந்திய இராகத்தின் உடலுக்குள்ளேயே பல குரல்களுக்கு இடம் கண்டார். கருவிகளை நம்பாமல் குரல்களை நம்பினார். தூய கருநாடக இசை வாணர் சிலர்க்கு இது உவக்காது; இராகத்தின் மென்மை சேர்ந்திசையில் ஓரளவு கரைகிறது என்பதும் பொய்யன்று. முப்பது பேர் ஒருமித்து ஒரு பிருகாவை உதிர்க்க முடியாது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் மறுபுறத்தில் ஒரு பேற்றை அவர் பெற்றார். தனித்து மேடையேற ஒருபோதும் இயலாத சாதாரணக் குரல் படைத்தவர்களும் நல்ல இசையின் உள்ளே நின்றார்கள். தமிழில் இதற்குச் சேர்ந்திசை என்னும் அழகிய சொல்லும் வழக்கில் நிலைத்தது.

இனி நம்மிடம் வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் ஆறாம் இயல் முழுவதும் இசையைப் பற்றியது. அதன் 114-ஆம் பிரிவு பாடகர் குழுக்களை ஊக்கமுடன் வளர்க்கச் சொல்கிறது. அதே மூச்சில், இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கைப் பாடி ஆற்றும்படி ஆயர்களும் அருள்பணியாளர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 119-ஆம் பிரிவு, தமக்கென இசை மரபு கொண்ட மக்களின் இசைக்குத் தகுந்த மதிப்பும் இடமும் தரப் பணிக்கிறது. 1967-இல் வந்த இசை பற்றிய நெறிமுறை ஏடும் இவற்றையே விரித்துரைத்தது. தமிழ்த் திருவழிபாடு மலர்ந்தது. நூற்றுக்கணக்கில் பாடல்கள் பிறந்தன. 1977-இல் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய கலைக்காவிரி, தமிழ்க் கலை வடிவங்களில் நற்செய்தியை வழங்கிற்று. மொழியும் மெட்டும் நமதாயின. இதற்கு உழைத்த குருக்களையும் பொதுநிலையினரையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் பாடுவோர் யார்? எண்ணூர் முதல் இராயபுரம் வரை நம் வட்டாரப் பங்குகளில் ஞாயிறு காலையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பாருங்கள். ஒலிபெருக்கியின் முன் இருவர் அல்லது மூவர். கீபோர்டில் முன்பே பதிந்த தாளம். மேளமும் வயலினும் குழலும் அந்த ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. ஒலி வலிமையாயிருக்கிறது, அதனாலேயே இருநூறு பேர் ஓசையின்றி நிற்கிறார்கள். தாம் பாடினாலும் தம் காதுக்கே கேட்காத இடத்தில் எவர் பாடுவர்? பெருவிழா நாள்களில் வெளியிலிருந்து இசைக்குழுவை வாடகைக்கு அமர்த்தும் வழக்கமும் சில இடங்களில் புகுந்திருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. சங்கத் தந்தையர் கேட்டது அதுவா என்பதே கேள்வி.

நம் மக்களுக்குக் குரல் இல்லாமலில்லை. ஓங்கிய அலையோசைக்கு மேலே ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பழகிய தொண்டைகள் இவை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகத்தை மூடியபோதும், அதே மாத இறுதியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து குப்பங்கள் வீட்டை விட்டு வெளியேறியபோதும், பின்னர் பல நாள் பந்தலில் அமர்ந்து நீதி கேட்டவர்கள் இந்த மக்களே, பெரும்பாலும் பெண்கள். பந்தலில் ஒருமித்து எழும் குரல் பலிபீடத்தின் முன் ஏன் ஒடுங்குகிறது? இதற்கு விடை காணும் பொறுப்பு பாடகர் குழுத் தலைவருடையது என்று நாம் கருதுகிறோம். அவர் வேலை தாம் நன்றாகப் பாடுவதோடு முடிவதில்லை. மக்களைப் பாடவைப்பதே அவருக்குரிய பணி.

எம்.பி.எஸ். வகுத்த வழியில் இதற்குச் செலவில்லாத சில தொடக்கங்கள் உண்டு. பாட்டைத் தொடங்கும் சுருதியை முன்னணிப் பாடகியின் வசதிக்காக அல்லாமல் நடுவில் அமர்ந்திருக்கும் தாய்க்கும் கடைசி வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கும் எட்டும்படி இரண்டு மூன்று கட்டைக்கு இறக்கி வைக்கலாம். பதிலுரைப் பாடலின் பல்லவியில் கருவிகளை நிறுத்திவிட்டுக் குரல்களை மட்டும் விடலாம். திருப்பலிக்கு முன் பத்து நிமிடம் மக்களுக்கே கற்றுத்தரலாம். ஆலை வேலை முறை மாறி மாறி வரும் பகுதி இது. இரவு வேலை முடித்து நேரே கோவிலுக்கு வருபவர் ஒத்திகைக்கு வர இயலாது. அவருக்கு ஒத்திகை இல்லாமலே பாடத்தக்க வரி ஒன்று ஒவ்வொரு பாட்டிலும் இருக்கட்டும். அம்பாப் பாட்டின் எதிர்க்குரல் முறை அதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. குரல்களைப் பிரித்துப் பாடுவதை ஒரே ஒரு பாட்டில், அதுவும் ஒரே ஒரு வரியில் முயன்று பார்க்கலாம். ஆல்ட்டோ அணியில் நிற்கும் சிறுமி, பக்கத்து அணியின் மெட்டு தன்னை இழுத்தாலும் தன் வரியில் நிலைக்கப் பழகுவாள். அதே வேளை அந்த மெட்டைக் காது கொடுத்துக் கேட்காமல் தன் வரியைச் சரியாகப் பாடவும் அவளால் முடியாது.

எம்.பி.எஸ். 1988 மார்ச் 9 அன்று இலட்சத்தீவில் மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்திரண்டு. தனிப்பாடகர் மறைந்தால் அவருடைய ஒலிப்பதிவுகள் எஞ்சும். இவருக்கு எஞ்சியது ஒரு குழு. கையசைத்து நடத்தியவர் இல்லாத மேடையில் அவர்கள் மறுபடியும் வரிசையாக நின்றார்கள். அவரிடம் பயின்றவர்களே முன்நின்று நடத்த, பாரதியைப் பாடினார்கள். புதிதாக வந்தவர்களுக்குக் குரல் பிரித்துக் கொடுத்தார்கள்.